எட்டாம் நாள் மாத்திரை

போன மாதம் நம் பார்மசிஸ்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மேடம், கருத்தடை மாத்திரைக்கு டாக்டர் எழுதின பழைய சீட்டையே கொண்டுவந்து நீட்டுறாங்க. குடுக்கலாமா, வேணாமா?" ஆளாளுக்குப் பதில் போட்டிருந்தீர்கள். பாதிப் பேர் சட்டம் பேசினீர்கள். மீதிப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள். அந்தப் பொம்மைகளைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே உங்களை ஒரு வாங்கு வாங்கியிருப்பேன். நல்லவேளை, கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். கோபம் ஆறிய பிறகு யோசித்தால், அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல எனக்கே யோக்கியதை இல்லை என்று பட்டது. ஏன் இல்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபத்தெட்டு வருஷம் மருந்துக் கடைகளில் நின்றிருக்கிறேன். டாக்டர் பத்து மடங்கு தப்பாக எழுதிய அளவைக் கண்டுபிடித்து ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறேன். இன்சுலின் ஊசியும் கையுமாக மயங்கி விழப்போனவரின் வாயில் சர்க்கரையைத் திணித்திருக்கிறேன். அதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் ஓய்வு பெற்று, ஊரப்பாக்கத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிறபோது ஞாபகம் வருவது அதெல்லாம் இல்லை. நேரத்துக்குக் கொடுக்காமல் விட்ட ஒரே ஒரு மாத்திரை அட்டைதான் ஞாபகம் வருகிறது.

கடைசியாக வேலை பார்த்த கடை தாம்பரம் மேற்கில், ஸ்டேஷன் படிக்கட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இருந்தது. சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு எலெக்ட்ரிக் ட்ரெயினும் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து எங்கள் கவுன்ட்டரில் கொட்டும். அந்தக் கூட்டத்தில் கருத்தடை மாத்திரை வாங்க வந்த பெண்ணை முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். முதலில் வந்திருப்பாள், கடைசியில் வாங்குவாள். இருமல் மருந்தும் கொசுவர்த்தியும் வாங்குகிறவர்கள் எல்லாம் போகிறவரை, கண்ணாடி அலமாரியில் இருக்கும் குழந்தைப் பவுடரை முன்னும் பின்னும் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பாள். ஆண்கள் நகர்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, கைக்குள் கசங்கிக் கிடக்கும் காலி அட்டையைக் காட்டி, "இதே குடுங்கக்கா" என்பாள். சிலர் பெயர் அச்சடித்த பக்கத்தைக் கிழித்துவிட்டு வருவார்கள். வீட்டில் யாராவது படித்துவிடக் கூடாதாம். பெயர் இல்லாத அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மாத்திரையின் நிறத்தைக் கேட்டு நான் ஜோசியம் பார்க்க வேண்டும்.

நாங்கள் மட்டும் என்ன கிழித்தோம்? அந்த அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, திருட்டுச் சாமான் மாதிரி கைமாற்றுவோம். எங்கள் முதலாளி அதற்கும் ஒரு படி மேலே. "அந்த மாத்திரையெல்லாம் ரெண்டு அட்டைக்கு மேல ஸ்டாக் வெக்காதீங்கம்மா. குடும்பஸ்தங்க வர்ற கடை" என்பார். "குடும்பஸ்தங்களுக்குத்தான் சார் அந்த மாத்திரையே" என்று ஒரு தடவை சொன்னேன். காதில் விழாத மாதிரி ஊதுவத்தி ஏற்றப் போய்விட்டார்.

மகேஸ்வரி இந்த ரகத்தில் சேராதவள். பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நட்டு போல்ட்டுகளை அளந்து பார்த்துக் கழிக்கிற வேலை. காலையிலும் மாலையிலும் தாம்பரத்தில் பஸ் மாறுவாள். முதல் நாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவள், சீட்டைக் கவுன்ட்டரில் வைத்து, "அக்கா, கொயந்த தங்காம இருக்கறதுக்கு எய்திக் குட்த்துகீறாங்க. இந்த மாத்திரை கீதா?" என்று உரக்கக் கேட்டாள். பக்கத்தில் நின்ற பெரியவர் தன் சர்க்கரை மாத்திரையை மறந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இருக்கும்மா. கொஞ்சம் மெதுவா," என்றேன்.

"இன்னாத்துக்கு மெதுவா? திருடவா வந்துகீறேன்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் கதையை நான் கேட்காமலேயே மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இரண்டு பெண் குழந்தைகள், இரண்டுமே ஆபரேஷன். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், மூன்று நாள் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்திருக்கிறாள். அதோடு குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் முடித்துவிடலாம் என்றால், அதைத் தாங்குகிற ரத்தம் உடம்பில் இல்லை. காப்பர்-டி போட்டார்கள். தீட்டு அதிகமாகி அதை எடுத்துவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிற மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஒரே வாந்தி. கடைசியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்து, "ஆறு மாசம் விடாம போடு. ரத்தம் ஏறட்டும், ஆபரேஷன் பண்ணிடலாம். அதுக்குள்ள வயித்துல ஒண்ணு தங்கிச்சுன்னா உன் உசுருக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சீட்டின் அடியில், ஆறு மாதம் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அவளுக்கு எழுதியது இருபத்தொரு மாத்திரை அட்டை. இருபத்தொரு நாள் போட வேண்டும், ஏழு நாள் விட வேண்டும், எட்டாம் நாள் புது அட்டையைத் தொடங்கிவிட வேண்டும். காய்ச்சல் மாத்திரையை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளலாம். இந்த எட்டாம் நாளைத் தள்ளக் கூடாது. தள்ளினால் அதுவரை போட்ட அட்டைகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இதை நான் மகேஸ்வரிக்கு முதல் மாதமே படித்துப் படித்துச் சொன்னேன். அவளும் கையடக்கக் காலண்டரில் எட்டாம் நாளுக்குக் கண்மையால் பொட்டு வைத்துக்கொண்டு வருவாள்.

மூன்றாவது மாதம் அவளுக்கு ஓவர்டைம் வந்து வீட்டுக்காரரை அனுப்பினாள். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், பெயர் பாபு, நல்ல ஆகிருதியான ஆள். வந்தவர் தலைவலி மாத்திரை ஒன்று கேட்டார். கொடுத்தேன். வெளியே போய் நின்றார். திரும்ப வந்து இன்னொரு தலைவலி மாத்திரை கேட்டார். மூன்றாவது தடவையும் அதையே கேட்டபோது, "மகேஸ்வரி வீட்டுக்காரரா?" என்றேன். காது மடல் சிவந்துவிட்டது. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய வேகத்தில் மூன்றாவது தலைவலி மாத்திரையைக் கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டார். இதைச் சொல்லிச் சொல்லி நானும் மகேஸ்வரியும் ஒரு மாதம் சிரித்தோம். ஆம்பிளைக்கு எவ்வளவு வெட்கம் பார் என்று நான் கேலி பேசினேன். பேசிய வாயை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

"அக்கா, மூணு அட்டையா சேத்துக் குட்த்துடேன். மாசாமாசம் இந்தக் கும்பல்ல பேஜாராக்கீது," என்று அவள் அப்போது கேட்டாள். முதலாளியிடம் சண்டை போட்டு நாலு அட்டை வரவழைத்திருக்கலாம். அதற்குச் சோம்பல். "டெய்லி இந்த வழியாத்தானே போறே? நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றேன். என் போன் நம்பரையும் எழுதிக்கொடுத்து, "ஏதாவதுன்னா போன் பண்ணு" என்று பெரிய மனுஷித்தனம் வேறு.

நாலாவது மாதம் எங்கள் பகுதியில் மருந்து ஆய்வாளர் சோதனை என்று பேச்சு கிளம்பியது. பக்கத்துத் தெருக் கடை ஒன்றில் பில் புத்தகத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் முதலாளி எங்கள் பில் புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். அன்று சாயங்காலமே ஒரு புது ரப்பர் சீலோடு வந்தார். மருந்து கொடுத்தாயிற்று என்ற வாசகம், கடைப் பெயர், தேதி எல்லாம் அதில் உண்டு. நம் உள்ளங்கை அகலம் இருக்கும். "ஒரு சீட்டு விடாம அடிங்க. பெரிசா, தெரியற மாதிரி அடிங்க," என்றார்.

மகேஸ்வரி வந்தது சனிக்கிழமைக் கூட்டத்தில். நான் ஒரு கையால் மருந்தை எடுப்பதும் மறு கையால் சீல் அடிப்பதுமாக இருந்தேன். அவள் சீட்டிலும் ஓங்கி ஒரு அடி. எடுத்துப் பார்த்தால், டாக்டரம்மா அடியில் எழுதிய அந்த வரியின் மேலேயே விழுந்திருக்கிறது. ஊதா மையில் வரி மொத்தமும் முழுகிப்போய்விட்டது. நான் கவனிக்கவில்லை என்று உங்களிடம் சொல்லிவிடலாம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கவனித்தேன். பின்பக்கம் திருப்பி, 'தொடர்ந்து கொடுக்கலாம், நாலு முடிந்தது, இரண்டு பாக்கி' என்று எழுதிக் கையெழுத்துப் போட அரை நிமிஷம் போதும். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் "மேடம், மேடம்" என்றார்கள். அடுத்த மாதமும் நான்தானே கொடுக்கப் போகிறேன், எனக்குத் தெரியாதா என்று சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

பாருங்கள், அந்த நிமிஷத்தில் அவளுடைய சீட்டு காகிதமாக இருப்பது போய் நானாக ஆகிவிட்டது. நான் இல்லாவிட்டால் அவளுக்கு மருந்து இல்லை. நான் கெட்டிக்காரி என்ற திமிர்தான், வேறென்ன.

அடுத்த மாதம் என் மகள் கல்யாணம். மதுரையில் மண்டபம். இரண்டு வாரம் விடுப்பு எடுத்தேன். பத்திரிகை, பட்டுப்புடவை, சமையல்காரர் என்று தலை கால் புரியாத ஓட்டத்தில் மகேஸ்வரியின் அட்டையை எடுத்து வைக்க மறந்துபோனேன். கடைக்குப் புதிதாக வந்திருந்த பார்மசிஸ்ட் பெண்ணிடம் எதைச் சொன்னேனோ இல்லையோ, "சீல் விழுந்த சீட்டுக்கு மறுபடி குடுக்காதே. யார் வந்து அழுதாலும் குடுக்காதே" என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டுப் போனேன். அந்தப் பெண் இந்தக் குழுவில் இருக்கிறாள். அவள் மேல் எள்ளளவும் தப்பில்லை என்பதை எல்லார் முன்னாலும் எழுதிவைக்கிறேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம். மண்டபத்து அறையில் சம்பந்தியம்மாவும் அவர் அக்கா தங்கைகளும் உட்கார்ந்து சீர்ப் புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

"அக்கா, நான் மகேசு. எங்கக்கா பூட்ட நீ?"

"கல்யாணத்துல இருக்கேன்மா. சொல்லு."

"கடையில அந்தப் பொண்ணு மாத்திரை தர மாட்டேன்றாக்கா. சீல் வியுந்த சீட்டாம். டாக்டரம்மா எய்தனது ஒண்ணும் தெரியலன்றா. தாம்பரத்துல மூணு கடை ஏறி எறங்கிட்டேன். கேம்ப் ரோட்ல ஒருத்தன் புருசன இட்டுகினு வான்றான். மேடவாக்கத்துல ஒருத்தன் சீட்டத் திருப்பித் திருப்பிப் பாத்து சிரிக்கிறான். ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுப் போனா அந்த டாக்டரம்மா மாத்தலாகிப் பூட்டாங்களாம். புதுசா வந்தவங்க ரத்த டெஸ்ட் எட்த்துகினு அடுத்த வாரம் வான்றாங்க. இன்னிக்கி எட்டாம் நாளுக்கா. நான் இன்னா பண்ணட்டும்?"

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். ஒன்று, கடைக்குப் போன் போட்டு, "அந்தச் சீட்டுக்கு இன்னும் ரெண்டு அட்டை பாக்கி இருக்கு, என் பொறுப்புல குடு" என்று சொல்ல வேண்டும். இரண்டு, அட்டை கைக்கு வந்து, ஏழு நாள் விடாமல் போட்டு முடிக்கிறவரை புருஷனோடு சேராதே, சேர்ந்தால் உறை இல்லாமல் சேராதே என்று மகேஸ்வரியிடம் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியம்.

வாயைத் திறந்தேன். எதிரே சம்பந்தியம்மா ஒரு மாம்பழ நிறப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் அறையில் அத்தனை பேர் காதிலும் விழும். மறுநாள் என் மகள் போகப்போகிற வீடு. இருபத்தெட்டு வருஷம் இதே தொழிலில் ஊறியவள் அந்த இரண்டு வாக்கியத்தையும் விழுங்கிவிட்டேன்.

"நாலு நாள்தானே மகேசு? நான் வந்ததும் தரேன். ஒண்ணும் ஆகாது, பயப்படாதே," என்றேன்.

"ஆவாதில்லக்கா?"

"ஆகாதும்மா."

வைத்துவிட்டேன். "யாருங்க போன்ல?" என்று சம்பந்தியம்மா கேட்டார். "கடையில ஒரு கஸ்டமர். ஏதோ சத்து மாத்திரை விஷயம்," என்றேன்.

அறைக்கு வெளியே தாழ்வாரம் இருந்தது. மாடிப்படி இருந்தது. எழுந்து போய்ப் பேச ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அப்புறமாவது கடைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். மேளம், நலங்கு, தாலி, பந்தி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மூடிவிட்டது. மறுவீட்டு விருந்து இரண்டு நாள் தள்ளிப்போய், நாலு நாள் ஆறு நாளாயிற்று. நான் கடைக்குத் திரும்பிய அன்று மகேஸ்வரி ஏழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "கல்யாணக் களை இன்னும் போவலக்கா உனக்கு!" என்றாள். அட்டையைக் கொடுத்தேன். இந்த ஆறு நாளில் என்ன நடந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அன்றைக்கும் ஏதாவது வழி இருந்திருக்கலாம். கூட்டம் இருந்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். கேட்க எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

அந்த அட்டை தீர்ந்து ஏழு நாளும் ஆனது. எட்டாம் நாள் சாயங்காலம் மகேஸ்வரி வந்தாள். வந்தவள் கூட்டத்துக்குள் நுழையவில்லை. கண்ணாடி அலமாரிப் பக்கம் ஒதுங்கி, குழந்தைப் பவுடர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் போன பிறகு கிட்டே வந்து, "இந்த மாசம் குளிக்கலக்கா. அந்த டெஸ்ட் பண்ற குச்சி ஒண்ணு குடு," என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

கொடுத்தேன்.

"இது தப்பாக் காட்டுமாக்கா சில வாட்டி?"

"காட்டும் காட்டும். காலைல எழுந்ததும் பாரு," என்றேன். எனக்குத் தெரிந்து அது அப்படித் தப்பாகக் காட்டுவது ரொம்ப அபூர்வம்.

மறுநாள் காலை கடை வாசலில் நின்றே காத்திருந்தேன். திருமுடிவாக்கம் பஸ் சிக்னலில் நின்றது. ஜன்னலோரம் அவள். என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு கோடு. பஸ் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் முன்னாலேயே செய்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. விடுப்புப் போட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது டாக்டரம்மா ரத்த அளவைப் பார்த்துவிட்டு, "இதை வெச்சுக்கிட்டா தாயும் தங்காது, புள்ளையும் தங்காது. கலைச்சாகணும்" என்றார். கலைப்பதும் அந்த உடம்புக்குச் சின்ன விஷயமில்லை. பயந்தபடியே ரத்தப்போக்கு நிற்காமல், அவசரமாக ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. பாபுவோடு தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்கள் வரிசையாக வந்து ரத்தம் கொடுத்தார்கள். பத்து நாள் படுக்கை, அப்புறம் ஒரு மாதம் எழுந்து நடக்கக் கூடாது. தொழிற்பேட்டையில் அவள் மேஜைக்கு வேறு பெண்ணை உட்காரவைத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் செய்யலாம் என்றிருந்த ஆபரேஷன், இனி ஒரு வருஷமாவது போகட்டும் என்று ஆகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் உயிர் பிழைத்தாள். அது அவள் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

இப்போது குழுவில் கேள்வி கேட்ட பெண்ணுக்கு. சீட்டை வாங்கினால் முதலில் படி, பிறகு கேள், அப்புறம்தான் சட்டம். "கடைசி மாத்திரை என்னிக்குப் போட்டீங்க?" என்று கேள். எட்டாம் நாள் நெருங்கியிருந்தால் எழுதிய டாக்டருக்கோ அந்த ஆஸ்பத்திரிக்கோ நீயே போன் போடு, அலைவது அவள் வேலை என்று விடாதே. கொடுக்கவே முடியாது என்றால், கொடுக்காத நாட்களில் அவள் எப்படி இருக்க வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லி அனுப்பு. சீல் அடிப்பதை வெற்றிடத்தில் அடி. இவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சிரிக்கிற பொம்மை போட்டவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

ஆஸ்பத்திரியில் ஆறாவது நாள் மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். பாபு வார்டு வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், சுற்றி அத்தனை பேர் இருக்க, "அக்கா, இனிமே அந்தக் கருத்தடை மாத்திரைய நானே வந்து வாங்கிக்கிறேன். பேர மட்டும் ஒரு துண்டுல எய்திக் குடு," என்றார். துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மகேஸ்வரி சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்து, என் மகள் வயசுதான் இவளுக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சொல்ல வேண்டியதை ட்ரெயினிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"மகேசு, என்னை மன்னிச்சுடும்மா. அந்த சீலை அந்த எடத்துல அடிச்சது என் தப்பு. சீட்டுப் பின்னாடி எழுதிக் குடுத்திருக்கணும். அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லாமப் போயிட்டேன்."

"சீலு கெடக்குது வுடுக்கா," என்றாள். "கும்பல்ல கை தவறிச்சி. யாருக்குத்தான் தவறல?"

நான் மாதுளம்பழத்தை உரிக்க ஆரம்பித்தேன். அந்தப் போனை அவள் மறந்திருப்பாள் என்றுகூட ஒரு நப்பாசை இருந்தது எனக்கு.

"அன்னிக்கி ராவு எங்க வூட்டுக்காரரு கேட்டாருக்கா. மாத்திரை இல்லாம பரவால்லியான்னு கேட்டாரு. அவுருக்கே பயம். நான்தான் சொன்னேன், கடை அக்காகிட்ட கேட்டுட்டேன், நாலு நாள்தான், ஒண்ணும் ஆவாதாம்னு." அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "வேற யார்னா சொல்லியிருந்தா அவுரக் கிட்டவே வுட்டுருக்க மாட்டேன்கா. சொன்னது நீயாச்சே. உனுக்குத் தெரியாததான்னு நெனச்சிகினேன்."

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதை அன்றைக்கு அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உரித்த மாதுளை முத்துகளை அவள் கையில் கொட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.